பல்லி ஏன் விழுவதில்லை?

விளக்கு போட்டதும் டியூப்லைட் ஓரத்தில் வந்து நிற்கும் பல்லியைப் பார்த்து ஒரு குழந்தை கேட்கிற கேள்விகள் ஒன்றிரண்டல்ல. அது ஏன் கீழே விழுவதில்லை? வால் அறுந்த பிறகும் ஏன் துடிக்கிறது? யாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறது? சோற்றில் விழுந்தால் ஏன் வீடே பதறுகிறது? பெரியவர்கள் ஒவ்வொன்றுக்கும் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கிறோம். "காலில் பசை இருக்கிறது" என்பது அவற்றில் முதலாவது. அந்தப் பதில் தவறு. அது தவறு என்று நிரூபித்து, சரியான விடைக்கு வந்து சேர உயிரியலுக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. நான் உயிரியலில் வாசித்த துப்பறியும் கதைகளில் இதற்கு இணையானது வேறில்லை என்பேன்.

கேள்வி மிகப் பழையது. மரங்கொத்தி தலைகீழாகக்கூட மரத்தில் ஏறி இறங்கும், பல்லியைப் போல, என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். பார்த்தவர் எழுதினார்; எப்படி என்று சொல்ல வழியில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் ஆளுக்கொரு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். பசை என்பவர்கள் விரலைக் கீறிப் பார்த்தார்கள். பசை சுரக்க வேண்டுமானால் சுரப்பி வேண்டும். பல்லியின் விரலடியில் சுரப்பியே இல்லை. நகத்தால் பற்றிக்கொள்கிறது என்றால், வழவழப்பான கண்ணாடியில் நகம் எதைப் பற்றும்? உராய்வுதான் காரணம் என்றால் சுவருக்கு அது ஓரளவு சரி, கூரைக்குப் பொருந்தாது. தலைகீழாகத் தொங்கும் உடலை உராய்வு தாங்காது.

உறிஞ்சிப் பிடிக்கிறது என்ற கருத்துக்கு ஆதரவு அதிகம். பவேரியாவைச் சேர்ந்த ஊர்வன அறிஞர் யோஹான் வாக்ளர் 1830இலேயே அப்படித்தான் எண்ணினார். உறிஞ்சும் பிடிக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தேவை. ஆகவே காற்றை எடுத்துவிட்டால் பிடி விட்டுப்போக வேண்டும். ஜெர்மானியரான டெலிட் 1934இல் காற்றை அகற்றிச் சோதித்தார். பிடி விடவில்லை. அதே டெலிட் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தார். பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் சுவரில் ஒட்டுமே, அந்த நிலைமின்சாரமாக இருக்குமோ என்று 1904இல் ஷ்மிட் என்பவர் எழுதியிருந்தார். எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் சுற்றியுள்ள காற்று அயனியாகி மின்னேற்றம் தேங்காமல் கசிந்துவிடும். டெலிட் அப்படியே செய்து பார்த்தார். பல்லி அசையாமல் நின்றது.

இந்தக் கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். யாருக்கும் விடை தெரியாது. ஆனால் எது விடையல்ல என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே வந்தார்கள். ஒரு கருத்து உண்மையானால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, அது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. நடக்கவில்லையா, எத்தனை பெரியவர் சொன்ன கருத்தானாலும் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது பல்லியின் காலை அருகில் பார்ப்போம். சன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு பல்லி வந்து நிற்கும் நேரம் இதற்குத் தோது. உள்ளிருந்து பார்த்தால் ஒவ்வொரு விரலின் அடியிலும் குறுக்கே வரிவரியாக மெல்லிய மடிப்புகள் தெரியும். நம் வீட்டுப் பல்லிகள் சேர்ந்த ஹெமிடாக்டைலஸ் பேரினத்தில் இந்த மடிப்புகள் நடுவில் பிளவுபட்டு இரட்டை வரிசையாக இருக்கும். வெறும் கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான். அந்த மடிப்புகளை நுண்ணோக்கியில் வைத்தால் நெருக்கமாக முளைத்த முடிகள் தெரியும். நம் நகமும் தலைமுடியும் ஆன கெராட்டின் வகைப் பொருளால் ஆனவை. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. மேலும் அருகே போனால் அந்த முடியின் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு சின்னஞ்சிறு தட்டையான நுனியில் முடிகிறது. அந்த நுனியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர்; கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. சாதாரண நுண்ணோக்கி எதுவும் அதைத் தெளிவாகக் காட்ட முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு 1965இல் ரூயிபல், எர்ன்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள்தான் இந்தத் தட்டை நுனிகளை விவரித்தார்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் வாழும் டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு காலில் இப்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் முடிகள். நுனிகளைக் கணக்கிட்டால் கோடிகளில் போய் நிற்கும்.

இத்தனை நுனிகள் எதற்கு? எந்த இரண்டு பொருளையும் மிக மிக அருகில் கொண்டுவந்தால் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக ஈர்க்கும். மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் கணத்துக்குக் கணம் ஒரு பக்கம் சாய்வதால் உண்டாகும் ஈர்ப்பு இது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு உண்டு என்று கணித்த டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸின் பெயரே அந்த விசைக்கும் பெயர்; அவருக்கு 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகப் பலவீனமான விசை. சில நானோமீட்டர் விலகினால் போதும், ஒன்றுமில்லாமல் போய்விடும். நம் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தும்போது தோலும் சுவரும் அந்த அளவுக்கு நெருங்குவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளில் மட்டுமே. தோலுக்கு மேடுபள்ளம், சுவருக்கும் மேடுபள்ளம். பல்லியின் நுனிகளோ வளைந்து கொடுத்து ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாகப் போய்ப் படிகின்றன. ஒவ்வொரு நுனியின் பிடியும் அற்பம். எல்லாம் சேரும்போதுதான் அது பல்லியைத் தாங்கும் பிடியாகிறது.

இதை நிரூபிக்க ஒரே ஒரு முடியின் விசையை அளக்க வேண்டியிருந்தது. அமெரிக்க உயிரியலாளர்களான கெல்லர் ஆட்டம், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபுல் ஆகியோரின் குழு அதில் இறங்கியது. டோக்கேயின் காலிலிருந்து ஒற்றை முடியைப் பிரித்தெடுத்து, மிக நுட்பமான ஓர் உணர்கருவியில் வைத்தார்கள். முதலில் அது ஒட்டவே இல்லை. பிறகு பல்லி நடக்கும்போது காலை எப்படி வைக்கிறது என்று கவனித்தார்கள். அது காலைச் சுவரில் அழுத்துகிறது, அழுத்தியபடியே சற்று இழுக்கிறது. முடியையும் அப்படியே லேசாக அழுத்தி, ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு தூரம் மட்டும் பக்கவாட்டில் இழுத்தபோது சட்டென்று பிடித்துக்கொண்டது. விசை சுமார் 200 மைக்ரோநியூட்டன், அதாவது 20 மில்லிகிராம் எடையைத் தாங்கும் பலம். இந்த முடிவு 2000இல் நேச்சர் இதழில் வந்தது. நான்கு கால்களின் முடிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முழுதாக ஒட்டினால் அந்தப் பல்லி 40 கிலோ வரை தாங்கலாம் என்பது கணக்கு. அதன் எடையோ 50 கிராம் அளவுதான். நடைமுறையில் எல்லா முடிகளும் ஒருசேரப் படிவதில்லை. புழுதி படிந்தாலும், காரை உதிர்ந்தாலும், பாதிக் கால் தூக்கி நின்றாலும் விழாமல் இருக்க இவ்வளவு உபரி வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. காற்றிலுள்ள ஈரம் எல்லாப் பரப்பிலும் மெல்லிய நீர்ப்படலமாகப் படியும்; அந்த நீரின் இழுவிசையால் ஒட்டுகிறதோ? 2002இல் அதே குழு நீரை விரும்பும் பரப்பு ஒன்றிலும் நீரை விலக்கும் பரப்பு ஒன்றிலும் சோதித்தது. நீர்தான் காரணமென்றால் இரண்டாவதில் பிடி தளர வேண்டும். இரண்டிலும் ஒரே பிடி. வான் டெர் வால்ஸ் விசையே முதன்மைக் காரணம் என்ற முடிவு அதிலிருந்து நிலைபெற்றது. வாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. பல்லி நடந்த தடத்தில் மிக மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பது பின்னர் தெரியவந்தது. நிலைமின்சாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று 2014இல் கனடா ஆய்வாளர்கள் அந்தப் பழைய வழக்கை மறுபடி எடுத்தார்கள். உயிருள்ள அறிவியல் என்றால் இப்படித்தான்.

அதே 2014இல் வந்த இன்னொரு முடிவு என்னை வியக்க வைத்தது. இறந்த பல்லியின் காலும் உயிருள்ளதன் காலைப் போலவே ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு அது பலம் எதையும் செலவழிப்பதில்லை என்று பொருள். இரவு முழுக்கக் கூரையில் தொங்கினாலும் கால் வலிக்காது. உண்மையில் கடினமான வேலை, ஒட்டியதைப் பிரிப்பதுதான். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டை நேராக இழுத்தால் வராது, ஓரத்தில் நகத்தால் கிளப்பினால் சுலபமாக வந்துவிடும். பல்லியும் அந்த வழியைத்தான் பிடிக்கிறது. அதன் விரல்கள் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருளும். நம் விரல்களால் அப்படி முடியாது. முடிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டியதும் பிடி தானாக விட்டுவிடுகிறது. ஒரு காலைப் பிரித்தெடுக்க நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் போதும். சுவரில் பாய்ந்தோடும்போது ஒவ்வொரு எட்டிலும் இத்தனை லட்சம் முடிகள் ஒட்டுவதும் பிரிவதும் நடக்கிறது.

காலில் தூசி சேராதா? சேரும். நடக்க நடக்கத் தானாக உதிரும். தூசித் துகளுக்கு முடியைவிடச் சுவரோடு ஒட்டு அதிகம் என்பதால் சில எட்டுகளிலேயே கால் சுத்தமாகிவிடுகிறது. பல்லியால் நிற்க முடியாத பரப்பும் உண்டு. நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற டெஃப்லான் காய்ந்திருந்தால் அதில் கால் பிடிக்காது. நனைந்த கண்ணாடியிலும் பிடி தளரும். மழை நாளில் சன்னலில் அது வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

பசையில்லாமல் ஒட்டி, தடமில்லாமல் பிரியும் ஒரு பொருள் கிடைத்தால் பொறியாளர்கள் விடுவார்களா? பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்ற ஆந்த்ரே கெய்மின் குழு 2003இல் இதே தத்துவத்தில் ஒரு பட்டையைச் செய்து காட்டியது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் செய்த பிடிகருவிகளை விண்வெளி நிலையத்திலேயே சோதித்திருக்கிறார்கள். வெற்றிடத்தில் உறிஞ்சும் கருவி உதவாது, இது உதவும். டெலிட் 1934இல் காட்டிய அதே உண்மைதான்.

சரி, பல்லி விழுவதே இல்லையா? விழும். பஞ்சாங்கத்தில் உடம்பின் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று ஒரு பட்டியலே இருக்கிறதே, விழாத பிராணிக்கு அது எதற்கு? ஆண் பல்லிகள் இடத்துக்காகக் கட்டிப் புரண்டு சண்டையிடும்போது விழும். பூச்சியை நோக்கிப் பாய்ந்து குறி தவறினால் விழும். சுண்ணாம்பு உதிரும் சுவரில் கால் பிடித்த துகளே பெயர்ந்து வந்தால் விழும். பலன் பார்ப்பது உங்கள் விருப்பம். எனக்கு விருப்பமானது விழுகிற அந்தக் கணம்.

தட்டை வால் கொண்ட ஒரு வீட்டுப் பல்லி இனத்தை மல்லாந்த நிலையில் விழவிட்டு, அதிவேகக் காமிராவில் படமெடுத்த ஆய்வு 2008இல் வந்தது. விழத் தொடங்கியதும் பல்லி வாலை ஒரு பக்கம் சுழற்றுகிறது. உடல் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கால்கள் கீழே வந்துவிடும். வால் இல்லாதவற்றால் அப்படித் திரும்ப முடியவில்லை. செங்குத்துச் சுவரில் முன்கால் வழுக்கினாலும் வால்தான் சுவரில் ஊன்றிக்கொண்டு உடல் பின்னால் சாயாமல் தடுக்கிறது. ஐந்தாவது கால் என்றே சொல்லலாம்.

இவ்வளவு பயனுள்ள வாலைத்தான் அது ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுகிறது. பூனை பிடுங்குவதால் வால் அறுவதில்லை, பல்லியே கழற்றுகிறது. வால் எலும்புகளில் பெரும்பாலானவற்றின் நடுவில் பிறவியிலேயே ஒரு பிளவுக் கோடு உண்டு. தசைகளும் அந்தக் கோட்டுக்கு ஏற்பப் பகுதி பகுதியாகவே அமைந்திருக்கின்றன. பல்லி தசையை இறுக்கியதும் அந்த இடத்தில் முறிகிறது. இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி மூடிக்கொள்வதால் அறுந்த இடத்தில் இரத்தம் கொட்டுவதில்லை. ஒரு சமயம் இவ்வளவு எளிதாகக் கழல்வது, மற்ற நேரமெல்லாம் எப்படிக் கழலாமல் இருக்கிறது? அபுதாபியில் உள்ள ஆய்வாளர்கள் 2022இல் சயன்ஸ் இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். முறியும் இடத்தில் தசைகளின் நுனிகளில் காளான் வடிவ நுண்தூண்கள் இருக்கின்றன. நேராக இழுத்தால் அவை தாங்கும். வளைத்தால் ஓரத்திலிருந்து வரிசையாக விட்டுவிடும். காலில் பார்த்த அதே சூத்திரம் வாலிலும்.

அறுந்த வால் துடிப்பதற்கு உயிர் எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். வாலுக்குள் தண்டுவடத்தின் ஒரு துண்டு இருக்கிறது. தாளமாக அசைவதற்கான நரம்புச் சுற்றுகள் அதற்குள்ளேயே உண்டு. மூளையின் கட்டளைக்கு அவை காத்திருப்பதில்லை. சிறுத்தைப் பல்லி என்ற இனத்தின் அறுந்த வாலில் மின்னிழைகள் பொருத்தி 2009இல் ஹையம், ரஸல் என்ற இருவர் பதிவு செய்தார்கள். வெறும் துடிப்பு மட்டும் இல்லை, இடையிடையே 3 சென்டிமீட்டர் உயரம் வரை துள்ளிப் புரளவும் செய்தது. அரை மணி நேரம் வரைகூட நீடித்தது. தாக்க வந்ததன் கவனம் வாலில் சிக்கிக்கொள்ள, பல்லி தப்பிவிடும்.

வால் மறுபடி முளைக்கும். முளைத்ததில் முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்பாலான ஒரு குழல் மட்டும் உள்ளே ஓடும். நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸின் அசல் வாலில் வளையம் வளையமாகச் சிறு முள் போன்ற முண்டுகள் இருக்கும். புது வால் மொழுமொழுவென்று நிறம் மாறித் தெரியும். இன்று இரவே பார்த்துச் சொல்லிவிடலாம், உங்கள் வீட்டுப் பல்லி உயிருக்கு ஓடிய அனுபவமுள்ளதா என்று. வாலில்தான் கொழுப்புச் சேமிப்பு. ஆகவே அதை இழந்த பல்லி சேமிப்பையும் சேர்த்தே இழக்கிறது. வேடிக்கைக்காக வாலை அறுக்க வைப்பதைக் குழந்தைகளிடம் தடுத்தாக வேண்டும்.

பல்லி சொல்வதைச் சகுனமாகக் கேட்கும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. ஓணான் முதலான பெரும்பாலான பல்லியினங்களுக்குக் குரலே கிடையாது. வீட்டுப் பல்லியின் குடும்பத்துக்கு மட்டும் குரல்வளை நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்கரான மார்செல்லினி 1970களில் நம் வீட்டுப் பல்லியின் குரல்களைப் பதிவு செய்து பிரித்தார். நாம் வழக்கமாகக் கேட்கும் தொடர் ஓசை, பெரும்பாலும் 'இது என் இடம்' என்று மற்றப் பல்லிகளுக்குச் சொல்வது. இரை தின்ற பிறகும் சண்டைக்குப் பிறகும் அதிகம் கேட்கும். நெருங்கிச் சண்டையிடும்போது வேறொரு ஓசை, பிடிபட்டால் ஒற்றைக் கீச்சு. இனி சத்தம் கேட்டால் எந்தச் சுவரிலிருந்து, பதிலுக்கு எந்தச் சுவரிலிருந்து என்று கவனியுங்கள். அறைக்குள் எத்தனை எல்லைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியவரும்.

குரல் உள்ள இந்தப் பல்லிக்கு இமை இல்லை. கண்ணை மூடிய நிலையான கண்ணாடித் தோல் ஒன்றுண்டு. அதில் தூசி பட்டால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். இரவிலும் நிறம் பார்க்கும் பல்லிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் ஒரு பல்லியினத்தை ஸ்வீடனில் சோதித்தபோது, நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும் மங்கல் நிலவொளியில் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிந்தது.

கடைசிக் கேள்வி மற்றவை போல ஆர்வத்தில் பிறப்பதல்ல, பயத்தில் பிறப்பது. பல்லி விழுந்த உணவு விஷமா? மதிய உணவில் பல்லி கிடந்து பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி அடிக்கடி வருவதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பல்லிக்கு நம்மைக் கொல்லும் விஷம் எதுவும் இல்லை. விஷப்பல்லும் இல்லை, விஷப்பையும் இல்லை. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். நன்றாகக் கொதித்தால் அது செத்துவிடும். சமைத்து இறக்கிய பின் வெதுவெதுப்பாகத் திறந்து கிடக்கும் பாத்திரத்தில் பல்லியோ அதன் எச்சமோ விழுந்தால், சில மணி நேரத்தில் அந்தக் கிருமி பெருகும். அதைச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் கழித்து. தட்டில் பல்லியைப் பார்த்த அடுத்த நிமிடமே வரும் குமட்டல் பெரும்பாலும் அருவருப்பாலும் பயத்தாலும் வருவது. அதுவும் உண்மையான குமட்டல்தான், அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது. உணவைக் கொட்டிவிடுவது சரி. பிள்ளைகளிடம் "விஷம், செத்துப்போவாய்" என்று அலறுவது தவறு. வாந்தியும் பேதியும் நிற்காவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி இறக்கிய பாத்திரத்தை உடனே மூடி வைப்பதும், அடுப்பு மேடைக்கு நேர் மேலே பூச்சியை இழுக்கிற விளக்கைப் போடாமல் இருப்பதும் போதும். பூச்சி வராத இடத்துக்குப் பல்லி வருவதில்லை.